நீர் கட்டிய அணை

வவுனியா மாவட்டத்தின் வடபால், புளியங்குளத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் வழியில் நெடுங்கேணி என்னும் ஊர் அமைந்துள்ளது. ஊரின் பெயரிலேயே நீர் இருக்கிறது. வன்னிப் பெருநிலத்து ஊர்ப்பெயர்கள் பலவும் அத்தகையனவே. குளம், கேணி, மடு, மோட்டை, ஆறு என்னும் சொற்களுள் ஒன்று அவற்றின் முடிவில் நிற்கக் காணலாம். ஆண்டில் சில திங்களே மழை பொழியும் அந்நிலத்தில், பெய்த நீரை மறித்து வைத்தாலன்றிக் காலபோகமும் இல்லை, சிறுபோகமும் இல்லை. ஆகவே குளத்துக்கு உயிராவது அதன் கட்டு. கட்டு உடைந்தால் நீர் கடலை நோக்கி ஓடிவிடும். குளம் இருந்த இடம் வெறுந்தரையாகும்.

எனினும், கட்டு மட்டும் இருந்தாற் போதாது. வயலுக்கு வேண்டிய நீரை வேண்டிய அளவில் விடுவதற்குத் துருசு வேண்டும். மிகுந்த நீர் கட்டை உடைக்காமல் வழிந்தோடுவதற்கு வான் வேண்டும். மறிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். இவ்விரண்டும் அறிந்ததே நல்ல குளக்கட்டு.

உயிரின் அமைப்பும் இதுவே. மனிதன், மாடு, மரம், கண்ணுக்குப் புலனாகாத கிருமி ஆகிய யாவும் கலங்களால் ஆனவை. கலம் என்பது ஒரு சிறு நீர்த்துளி. உயிர்த்தொழிலுக்கு வேண்டிய பொருள்கள் அதனுட் கரைந்தும் மிதந்தும் கிடக்கின்றன. அதன் வெளியேயும் நீரே. உள்நீர் வெளிநீரோடு கலந்துவிட்டால் உயிர் இல்லை. ஆயின், நீருக்குள் நீரைத் தேக்கிவைக்கும் அந்தக் கட்டு எது? அதனைக் கட்டியவர் யார்? இக்கேள்விக்கு விடை காண மனிதருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன. அந்த விடை தேடிய வரலாறு பெரும் ஆய்வுகூடத்திலே தொடங்கவில்லை. குளத்தின் மேற்பரப்பில் மிதந்த ஒரு கரண்டி எண்ணெயிலே தொடங்கியது.

நீரின்மேல் எண்ணெய் பரவுவதைக் கண்டறியாதார் இலர். 1946ஆம் ஆண்டில் டி.டி.ரி. மருந்து இலங்கையெங்கும் தெளிக்கப்படுவதற்கு முன்னர், தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றுவது மலேரியாவைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றாயிருந்தது. நுளம்பின் குடம்பிகள் நீரின் மேற்பரப்புக்கு வந்தே மூச்சு வாங்குகின்றன. எண்ணெய்ப் படலம் அவ்வழியை அடைத்துவிடும். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன அக்காய்ச்சலுக்கு எதிராக, ஒரு சிறிதளவு எண்ணெய் பரந்த நீர்ப்பரப்பைக் காவல்செய்ய வல்லதாயிற்று. சிறிதளவு எண்ணெய் அத்துணைத் தூரம் பரவுவது எங்ஙனம்?

இதனை முதன்முதலில் அளந்து எழுதியவருள் ஒருவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின். 1757இல் அவர் கப்பற்பயணம் செய்தபோது, கூடச் சென்ற கப்பல்களுள் இரண்டின் பின்னே மட்டும் கடல் அலையடங்கிக் கிடக்கக் கண்டார். சமையற்காரர் எண்ணெய்ப்பசையுள்ள நீரைக் கொட்டியிருக்கலாம் என்று கப்பற்றலைவர் கூறினார். அந்த நினைவு அவரை விட்டு அகலவில்லை. பின்னர் இலண்டனை அடுத்த கிளாப்பம் என்னுமிடத்துக் குளமொன்றில், காற்று வீசும் நேரத்தில், ஒரு தேக்கரண்டியளவுக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றினார். எண்ணெய் விரைந்து பரவி, ஏறத்தாழ அரை ஏக்கர்ப் பரப்பைக் கண்ணாடிபோல் அமைதியாக்கிற்று. 1774இல் அவர் இதனை இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார்.

பிராங்கிளின் ஒரு கணக்கை மட்டும் போடாமல் விட்டுவிட்டார். ஒரு தேக்கரண்டி எண்ணெய் அரை ஏக்கருக்குப் பரவினால் அப்படலத்தின் தடிப்பு என்ன? ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஏறத்தாழ இரண்டு பங்கு. அதாவது ஒரே ஒரு மூலக்கூற்றின் உயரம். மனிதன் கண்ணால் ஒருநாளும் காணவியலாத அளவொன்று குளத்தின் மேலே விரிந்து கிடந்தது. கணக்குப் போடுவார் வருவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

அடுத்த படியை எடுத்து வைத்தவர் பல்கலைக்கழக வாயிலை மிதியாத ஒரு பெண்மணி. அக்னெஸ் பொக்கெல்ஸ் 1862இல் வெனிசு நகரிற் பிறந்தவர். அவர் தந்தையார் அக்காலத்தில் வட இத்தாலியை ஆண்ட ஒஸ்திரிய நாட்டுப் படையில் அதிகாரியாயிருந்தார். அந்தச் சதுப்புநிலப் பகுதியில் மலேரியா குடும்பத்தை வருத்தியது. உடல்நலம் குன்றிய தந்தையார் பணியிலிருந்து முன்கூட்டியே விலக, 1871இல் அவர்கள் ஜெர்மனியின் பிரவுன்ஸ்விக் நகரில் வந்து குடியேறினர். அக்னெசுக்குப் பௌதிகவியலில் பெருவிருப்பம். ஆனால் அக்காலத்தில் பெண்களுக்குப் பல்கலைக்கழகம் திறக்கவில்லை. தம்பி பிரெடரிக் கற்கச் சென்றார். தமக்கை நோயுற்ற பெற்றோரைப் பேணி, சமைத்து, பாத்திரம் கழுவி வீட்டிலிருந்தார்.

பாத்திரம் கழுவிய நீரே அவருக்கு நூலாயிற்று. எண்ணெய்ப்பசை படிந்த நீரின் மேற்பரப்பு தூயநீரின் மேற்பரப்பினின்றும் வேறாக நடந்துகொள்வதை அவர் கண்டார். 1880களின் தொடக்கத்தில், ஏறத்தாழ 70 சென்ரிமீட்டர் நீளமுள்ள ஒரு தகரத் தொட்டியைச் செய்வித்து, விளிம்புவரை நீர் நிரப்பினார். மேற்பரப்பின் குறுக்கே ஒரு தகரக் கீற்றை வைத்து முன்னும் பின்னும் தள்ளி, படலத்தை நெருக்கியும் தளர்த்தியும் பார்த்தார். நீரில் ஒட்டிய சிறு தட்டொன்றைப் பிரித்தெடுக்க எவ்வளவு நிறை வேண்டுமென்பதைத் தராசினால் அளந்து, மேற்பரப்பின் இழுவிசையைக் கணக்கிட்டார். படலம் தளர்வாயிருக்கும்வரை இழுவிசை மாறவில்லை. ஒரு குறித்த அளவுக்கு நெருக்கியவுடன் அது சடுதியாகக் குறைந்தது. மூலக்கூறுகள் தோளோடு தோள் முட்டிநிற்கும் நிலை அதுவே எனப் பின்னர் தெளிவாயிற்று.

அக்காலத்தில் இங்கிலாந்திலே இறேலி பிரபு என்னும் பேரறிஞர் இதே துறையில் ஆராய்ந்துகொண்டிருந்தார். தூயநீரில் இட்ட கர்ப்பூரத் துண்டு சுற்றிச் சுழன்று ஓடும். எண்ணெய் சிறிது பட்டாலும் அவ்வாட்டம் நின்றுவிடும். இதனை நேயர்கள் வீட்டிலேயே கழுவித் துடைத்த தட்டமொன்றில் செய்து பார்க்கலாம். இறேலி 84 சென்ரிமீட்டர் விட்டமுள்ள தொட்டியில் கர்ப்பூரத்தின் ஓட்டத்தை நிறுத்துவதற்கு 0.81 மில்லிகிராம் எண்ணெய் போதுமென்று 1890இல் அளந்து, படலத்தின் தடிப்பைக் கணக்கிட்டார். பிராங்கிளின் விட்டுவிட்ட கணக்கு அங்கே முடிந்தது. அச்செய்தியைப் படித்த அக்னெஸ் 1891 ஜனவரியில் தம் பத்தாண்டுப் பரிசோதனைகளை விரித்து அவருக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதினார். அறிமுகமற்ற ஒருத்தியின் கடிதம் என்று இறேலி அதனை ஒதுக்கவில்லை. தம் துணைவியாரைக் கொண்டு மொழிபெயர்ப்பித்து, நேச்சர் என்னும் விஞ்ஞான இதழுக்கு அனுப்பிவைத்தார். அது அவ்வாண்டு மார்ச்சு மாதம் அக்னெசின் பெயராலேயே வெளிவந்தது. 1932இல் பிரவுன்ஸ்விக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. அப்போது அவருக்கு வயது 70. மூன்றாண்டுகளின்பின் அவர் காலமானார்.

அக்னெசின் தொட்டியைத் திருத்தியமைத்து, படலத்தின் உட்பொருளை விளக்கியவர் அமெரிக்கரான இர்விங் இலாங்மியூர். 1917இல் அவர் வெளியிட்ட கருத்து எளியது. இப்படலங்களை ஆக்கும் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலை நீரை விரும்பும். வால் எண்ணெயின் தன்மையது, நீரோடு சேராது. ஆகவே தலைகள் நீரில் தோய, வால்கள் மேலே காற்றை நோக்கி நிமிர, நாற்றுப் பாவினாற்போல் அவை வரிசையாய் நிற்கும். இத்துறையில் ஆற்றிய பணிக்காக அவருக்கு 1932இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இங்கே வேறொரு வழியாக வந்த செய்தி வந்து சேர்கிறது. பிரான்சிய மருந்தாளர் கோப்லி 1840களில் கோழிமுட்டையின் மஞ்சட்கருவிலிருந்து பொசுபரசு கலந்த ஒரு கொழுப்பைப் பிரித்தெடுத்து, மஞ்சட்கருவுக்குரிய கிரேக்கச் சொல்லைத் தழுவி, 1850இல் அதற்கு இலெசித்தின் என்று பெயரிட்டார். இன்று பொசுபோலிப்பிட்டு எனப்படும் பெருங்குடும்பத்தின் முதல் அறிமுகம் இதுவே. அதன் தலையில் பொசுபேற்று உண்டு. அது நீரை நாடும். அதன் வால்கள் இரண்டு. இரண்டும் கொழுப்பமிலத்தால் ஆனவை. மஞ்சட்கருவில் மட்டுமன்றி, மூளை, இரத்தம், சோயா அவரை என எங்கு தேடினும் இக்கொழுப்பு அகப்பட்டது. ஏன் எங்கும் இருக்கிறது என்பதுதான் விளங்கவில்லை.

சூரிச்சு நகரில் எர்னெஸ்ட் ஓவர்ட்டன் என்பவர் 1890களில் நூற்றுக்கணக்கான பொருள்களைத் தாவரக் கலங்களிற் செலுத்திப் பார்த்தார். எண்ணெயில் எளிதிற் கரையும் பொருள்கள் கலத்தினுள் எளிதிற் புகுந்தன. எண்ணெயிற் கரையாதவை வெளியே நின்றன. கலத்தைச் சூழ்ந்துள்ள கட்டு கொழுப்பின் தன்மையது என்று அவர் முடிவு செய்தார். இறுதி முடிச்சை அவிழ்த்தவர்கள் நெதர்லாந்தின் இலெய்டன் நகரத்துக் குழந்தை மருத்துவப் பேராசிரியர் எவெர்ட் கோட்டரும் அவருடைய துணைவர் கிரெண்டலும் ஆவர். மனிதர், நாய், ஆடு, முயல் ஆகியவற்றின் செங்குழியங்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, அக்னெசின் தொட்டி வழிவந்த தொட்டியில் நீரின்மேற் பரப்பினர். பரவிய படலத்தின் பரப்பு, அந்தச் செங்குழியங்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்காயிருந்தது. ஆகவே கலத்தின் கட்டு ஓரடுக்கன்று, ஈரடுக்கு என்று 1925இல் அவர்கள் அறிவித்தனர். கொழுப்பு முழுவதும் பிரிந்துவரவில்லை. செங்குழியத்தின் பரப்பையும் அவர்கள் குறைவாகவே மதித்திருந்தனர். ஒரு பிழையை மற்றொரு பிழை நேர்செய்ய, முடிவு மட்டும் மெய்யாயிற்று. இப்படியும் சில வேளை உண்மை வந்து வாய்க்கிறது.

ஈரடுக்கு ஏன்? இதற்கு விடை கொழுப்பில் இல்லை, நீரில் உள்ளது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கைகோத்துப் பற்றிக்கொள்ளும் இயல்பின. எண்ணெய் போன்ற பொருள் நடுவே வந்தால் அதனோடு கைகோக்க இயலாமையால், அதனைச் சூழ்ந்துநின்று ஒழுங்குபட்டு, தம் நடமாட்டச் சுதந்திரத்தை இழக்கின்றன. எண்ணெய் ஒன்றுதிரண்டால் நீருக்கு இந்நெருக்கடி குறைகிறது. எனவே நீர் எண்ணெயை ஓரிடத்தே ஒதுக்கிவிடுகிறது. பொசுபோலிப்பிட்டைத் தனியே ஒதுக்கவும் இயலாது, தலை நீரை விடாதாகையால். இந்நிலையில் ஒரே வழிதான் உண்டு. வால்கள் உள்ளே ஒன்றையொன்று நோக்க, தலைகள் இருபுறமும் நீரை நோக்க, இரண்டு அடுக்காய் அமைவதே அவ்வழி.

சவர்க்காரத்துக்கும் தலையும் வாலும் உண்டு. ஆனால் அதற்கு வால் ஒன்றே. தலை பருத்து வால் ஒடுங்கிய அவ்வுரு, நீரிற் கூடும்போது சிறு உருண்டையாகத் திரளும். அழுக்கெண்ணெயை உள்ளே பொதிந்து கழுவிச் செல்வது அவ்வுருண்டையே. பொசுபோலிப்பிட்டுக்கு வால் இரண்டாதலால் தலையும் வாலும் ஒத்த அகலமுடையனவாகி, செங்கல் அடுக்கினாற்போல் விரிந்த தளமாக அமைகின்றன. அத்தளத்தின் ஓரத்தில் வால்கள் நீருக்கு வெளிப்பட்டு நிற்க நேரும். அதனை நீர் பொறாது. ஆகவே தளம் வளைந்து, ஓரத்தோடு ஓரம் பொருந்தி, உள்ளே நீரைக் கொண்ட பையாக மூடிக்கொள்கிறது. சிறு துளை விழுந்தாலும் தானே கூடிவிடும். கட்டியவர் யார் என்ற கேள்விக்கு விடை இதுவே. கொத்தனும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. தன்னைத் தேக்கும் அணையை நீர் தானே கட்டிக்கொள்கிறது.

இதனைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு 1960களில் வந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜை அடுத்த பேப்ரகாம் ஆய்வு நிலையத்தில் இரத்த ஆய்வு செய்துவந்த அலெக் பங்ஙம், முட்டை இலெசித்தினை நீரிற் கலந்து, ஹோர்ன் என்னும் துணைவருடன் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கினார். உயிரற்ற அக்கலவையில், உயிர்க்கலத்தின் மென்சவ்வை ஒத்த ஈரடுக்குப் பைகள் ஒன்றினுள் ஒன்றாய்க் கிடந்தன. இவ்வவதானிப்பு 1964இல் வெளிவந்தது. அப்பைகள் தம்முள் அடைபட்ட உப்பை எளிதில் வெளியே விடவில்லை என்பதை 1965இல் அவர் குழுவினர் காட்டினர். உரு மட்டுமன்றித் தொழிலும் ஒத்திருந்தது. இப்பைகளே இன்று இலிப்போசோம் என வழங்குவன.

அணை விளங்கிற்று, துருசு விளங்கவில்லை. 1935இல் டானியெல்லியும் டாவ்சனும் கொழுப்படுக்கின் இருபுறமும் புரதம் பூசப்பட்டிருப்பதாகக் கருதினர். அக்கருத்து நெடுங்காலம் நின்றது. 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் அதனை மாற்றியமைத்தனர். கொழுப்பின் ஈரடுக்கு உறைந்த சுவரன்று, பாயும் தன்மையது என்றும், புரதங்கள் அதன்மேற் பூசப்படாமல் அதனூடே மிதக்கின்றன என்றும் அவர்கள் விளக்கினர். இப்பாய்மைக்கு வால்களே காரணம். நுவரெலியாக் குளிரிற் போத்தலில் தேங்காயெண்ணெய் உறைந்து கிடக்க, நல்லெண்ணெய் உறையாதிருப்பதை நேயர்கள் அறிவர். நேரான வால்கள் நெருங்கி அடுங்குவதால் உறையும். மடிந்த வால்கள் நெருங்கா, ஆதலால் உறையா. குளிர்நீரில் வாழும் மீன்கள் தம் மென்சவ்வில் மடிந்த வால்களை மிகுதியாகக் கொண்டிருப்பது இதனாலேயே.

ஊடே மிதக்கும் புரதங்களிற் பல துருசுகளே. அமெரிக்காவில் பீற்றர் ஆக்ரே என்பவர் செங்குழியத்தின் வேறொரு புரதத்தை நாடி ஆராய்ந்தபோது, எதிர்பாராமற் புதிய புரதமொன்று அகப்பட்டது. நீரை மட்டும் உட்செல்ல விடும் வாயில் அது என்று 1992இல் நிறுவினார். 2003இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மனிதனின் சிறுநீரகம் நீரை வீணாக்காமல் மீட்டெடுப்பது இத்தகைய நுண்துருசுகளின் வழியாகவே.

கட்டு உடைந்தால் நேர்வது என்ன? இதற்கு விடை கூறும் சான்று வன்னி வயல்வெளியிலேயே உண்டு. அறுவடைக் காலத்தில் உழவரைத் தீண்டும் புடையன் பாம்பு, தமிழகத்தார் கண்ணாடி விரியன் என்பது, தன் நஞ்சில் பொசுபோலிப்பேசு என்னும் நொதியத்தைக் கொண்டுள்ளது. நாகத்தின் நஞ்சிலும் அவ்வகை நொதியம் உண்டு. பொசுபோலிப்பிட்டின் இரண்டு வால்களுள் ஒன்றை வெட்டிவிடுவதே அதன் தொழில். இரண்டு வாலுடையது ஒரு வாலுடையதாகிறது. அஃதாவது, அணைக்குரிய செங்கல் சவர்க்காரமாக மாறிவிடுகிறது. பின்னர் அக்கட்டு நிற்குமா? 1902ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் எர்லிக்கின் ஆய்வுகூடத்தில் பிரெஸ்டன் கைஸ் என்பவர், நாகநஞ்சோடு இலெசித்தின் கூடியபோது செங்குழியங்கள் உடைந்து கரைவதைக் கண்டார். அது ஏன் என்பது பின்னரே விளங்கிற்று. இலங்கைப் புடையனின் கடியுண்டவருக்கு இரத்தம் உறையாமற் போவதோடு இமைகளும் சரிந்து விழுவதுண்டு. அவ்விமைச் சரிவு, நரம்பின் நுனிகளை இந்நொதியம் தாக்குவதன் விளைவு. ஒரு வால் குறைந்தால் ஒரு குடும்பம் உழவனை இழக்கலாம். காலந் தாழ்த்தாது வைத்தியசாலைக்கு விரையவேண்டுவது இதனாலேயே.

அழிவுக்கு வழிகாட்டிய அதே அறிவு ஆக்கத்துக்கும் உதவிற்று. பங்ஙம் கண்ட பைகளில் மருந்தை அடைத்துச் செலுத்தும் முறை வளர்ந்தது. இந்தியாவின் பீகார் மாநிலத்தைப் பல தலைமுறையாக வாட்டிய காலா அசார் என்னும் கருங்காய்ச்சலுக்கு, இலிப்போசோமில் அடைத்த மருந்தை ஒரே முறை ஏற்றிக் குணங்காண்பது கைகூடிற்று. 2021இல் கொரோனாத் தொற்றுக்கு எதிராக இலங்கைக்கு வந்த தடுப்பூசிகளுட் சில, பொசுபோலிப்பிட்டும் கலந்த கொழுப்புத் துணிக்கைகளிற் பொதியப்பட்டவையே. கலத்தின் கட்டைக் கடக்க, அக்கட்டை ஒத்த பொருளே ஓடமாயிற்று.

மலேரியாவும் இலங்கையை விட்டு நீங்கிற்று. உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளி 2012இற் காணப்பட்டார். 2016 செப்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றிய நாட்களை வன்னியின் முதியோரே இன்று நினைவுகூர்வர்.

ஆயினும் நீரும் எண்ணெயும் வீடுதோறும் இருக்கின்றன. மலேரியாவால் இடம்பெயர்ந்த குடும்பத்தில், பல்கலைக்கழகம் மறுக்கப்பட்ட ஒரு பெண், பாத்திரம் கழுவிய நீரைக் கூர்ந்து நோக்கினாள். அவள் வகுத்த வழியே நடந்து உலகம் உயிரின் எல்லையைக் கண்டது. அவளுடைய கடிதத்தைப் பிரித்துப் படிக்க ஓர் அறிஞர் இருந்தார் என்பதும் அவ்வரலாற்றின் பாதியாகும். போரினால் இடம்பெயர்ந்து, 2009க்குப் பின் மீண்டுவந்து, காடு வெட்டிக் குளக்கட்டுத் திருத்திய மக்கள் வாழும் வன்னியிலும் கூர்ந்து நோக்கும் கண்களுக்குக் குறைவில்லை. அவற்றின் முன்னே மறிக்கும் கட்டு மட்டுமே நிற்காமல், வேளையறிந்து திறக்கும் துருசும் இருத்தல் வேண்டும்.